சர்வோ நிக்க மாட்டேங்குதா? 360 டிகிரி சர்வோவோட ஸ்பீடை அடக்குறது எப்படி

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணான். "மாமா, 90 குடுத்தா நிக்கும்னு தானே எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, நானும் 90 தான் குடுத்திருக்கேன், ஒரு சக்கரம் நிக்குது, இன்னொண்ணு மட்டும் மெதுவா ஊர்ந்துகிட்டே இருக்கு, சர்வோ அவுட்டா மாமா?" ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ரெண்டு சக்கர வண்டி, ஆர்டுயினோ ஊனோங்கிற குட்டி புரோகிராம் போர்டு ஒண்ணு, சக்கரத்தை சுத்த எஃப்எஸ்90ஆர்ங்கிற 360 டிகிரி சர்வோ, அதாவது ஒரு கோணத்துல நிக்காம சுத்திக்கிட்டே இருக்குற வகை, ரெண்டு. சர்வோ நல்லாத்தான்டா இருக்குன்னு சொல்லி வச்சிட்டேன். அந்த வார கடைசில அவன் வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் உக்காந்து சரி பண்ணோம், அப்ப செஞ்சதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்விய என்கிட்ட கேக்காத ஆளே இல்ல.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு புரியணும், அது புரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சிடும். சொன்ன கோணத்துக்குப் போய் நிக்கிற சாதா சர்வோக்குள்ள ஒரு குட்டி மோட்டார், நாலஞ்சு பல்சக்கரம், ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினா ரெசிஸ்டன்ஸ் மாறுற பாகம்), ஒரு சின்ன போர்டு, அவ்ளோதான். பொட்டென்ஷியோமீட்டர், சர்வோக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற தண்டோட சேர்ந்து சுத்தும், "இப்ப நான் இந்த கோணத்துல இருக்கேன்"னு போர்டுக்கு சொல்லும். நாம அனுப்புற பல்ஸ், அதாவது சின்ன மின் துடிப்பு, "நீ இந்த கோணத்துக்கு வா"ன்னு சொல்லும். போர்டு ரெண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் இருக்குற வரைக்கும் மோட்டாரை ஓட்டும், வித்தியாசம் பூஜ்யம் ஆச்சுன்னா நிறுத்திடும். 360 டிகிரி சர்வோல என்ன பண்ணிருக்காங்கன்னா, அந்த பொட்டென்ஷியோமீட்டரை தண்டுலேர்ந்து கழட்டிட்டு நடுவுல நிக்கிற மாதிரி ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க, இல்ல ஒரே அளவுல ரெண்டு ரெசிஸ்டர் வச்சிட்டாங்க, கடைசி பல்சக்கரத்துல இருக்குற தடுப்பையும் எடுத்துட்டாங்க. இப்ப தண்டு எவ்ளோ சுத்தினாலும் போர்டுக்குத் தெரியாது, "நான் இன்னும் நடுவுலயேதான் இருக்கேன்"னுதான் அதுக்கு நியூஸ் வரும். கண்ணைக் கட்டி செக்குல பூட்டின மாடு மாதிரி, போய்க்கிட்டே இருக்கும், போய் சேராது.

அதனால இந்த சர்வோக்கு ஸ்பீடுன்னு ஒண்ணு தெரியவே தெரியாது. நாம சொல்ற கோணத்துக்கும் நடுவுக்கும் எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோ வேகமா துரத்தும். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. அந்த போர்டு மொதல்ல கோணத்தைப் புடிச்சு நிறுத்தி வைக்கிறதுக்காக டிசைன் பண்ணது, சின்ன வித்தியாசம் வந்தாலே மோட்டாருக்கு ஃபுல் பவர் குடுத்து இழுக்கணும், அப்பதான் சாதா சர்வோ கெட்டியா நிக்கும். அதே குணம் இங்கயும் வருது, பல்ஸோட நீளம் நடுவுலேர்ந்து ஒரு 100, 150 மைக்ரோசெகண்ட் தள்ளிப் போனதுமே கிட்டத்தட்ட ஃபுல் ஸ்பீடு வந்துடும், அதுக்கு மேல எவ்ளோ குடுத்தாலும் பெருசா ஒண்ணும் மாறாது. பாரலாக்ஸ் கம்பெனியோட சர்வோல 1500 நிக்கிற இடம், 1300 ஒரு பக்கம் ஃபுல், 1700 இன்னொரு பக்கம் ஃபுல். நாம ஸ்பீடு கண்ட்ரோல்னு பேசுறது எல்லாமே அந்த ஒடுக்கமான இடத்துக்குள்ளதான். 1000லேர்ந்து 2000 வரைக்கும் சமமா பிரிச்சுக்கலாம்னு நெனச்சு கோடு எழுதுறவங்கதான் "மெதுவாவே ஓட மாட்டேங்குது, ஒண்ணு நிக்குது இல்ல பறக்குது"ன்னு புலம்புறது.

சரி, 90 குடுத்தும் ஏன் ஊருது? சர்வோக்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ பல்ஸ் போகுது, செகண்டுக்கு 50. அந்த பல்ஸ் எவ்ளோ நீளம்ங்கிறதுதான் விஷயம், 1500 மைக்ரோசெகண்ட்னா நடு. ஆனா ஆர்டுயினோவோட சர்வோ லைப்ரரில (சர்வோ ஓட்டுறதுக்கான ரெடிமேட் கோடு) ரைட் (write) கமாண்டுக்கு 0ன்னு குடுத்தா 544 மைக்ரோசெகண்ட், 180ன்னு குடுத்தா 2400, அதை வச்சு நடுவுல கணக்கு போட்டுப் பாருங்க, 90க்கு வர்றது 1472. 1500 இல்ல! 28 மைக்ரோசெகண்ட் தள்ளி நிக்குது, நாம பாத்த ஒடுக்கமான இடத்துல 28ங்கிறது சும்மா இல்ல. போதாக்குறைக்கு ஒரு டிகிரி மாத்தினா 10 மைக்ரோசெகண்ட்டுக்கு மேல தாவும், அப்ப ஒரு பக்கத்துக்கு மொத்தமா பத்து பதினஞ்சு படிதான் உங்க கைல இருக்கு.

அதனால முதல் மாத்தம் இதுதான், ரைட் கமாண்டை மறந்துடுங்க, பல்ஸ் நீளத்தை நேரா சொல்ற ரைட்மைக்ரோசெகண்ட்ஸ் (writeMicroseconds) கமாண்டை எடுங்க. ஊனோல அந்த லைப்ரரி அரை மைக்ரோசெகண்ட் வரைக்கும் நுணுக்கமா பல்ஸ் போடும், நமக்கு அது தாராளம். இதுல ஒரு வேடிக்கை, ரைட் கமாண்டுக்கே 1500னு பெரிய நம்பர் குடுத்தீங்கன்னா அது கோணம் இல்ல மைக்ரோசெகண்ட்னு தானா எடுத்துக்கும், 544க்கு கீழ இருந்தாத்தான் கோணம்னு நெனைக்கும். ஆனாலும் படிக்கிறவங்களுக்கு குழப்பம், நேரா பேர் சொல்லியே எழுதுங்க.

இன்னொண்ணு, அந்த லைப்ரரிய சேத்த உடனே ஊனோல 9, 10 பின்ல அனலாக்ரைட் (analogWrite) வேலை செய்யாது, அதுக்கு வேணும்ங்கிற உள்கடிகாரம் டைமர் 1ஐ சர்வோ புடிச்சிக்கும். எல்இடி பிரைட்னஸ் திடீர்னு செத்துப் போச்சுன்னு தலைய பிச்சிக்காதீங்க, வேற பின்னுக்கு மாத்துங்க.

இப்ப நிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கணும். சக்கரத்தை தரைல படாம வண்டிய ஒரு டப்பா மேல தூக்கி வைங்க. சீரியல் மானிட்டர்ல, அதாவது கம்ப்யூட்டர்லேர்ந்து போர்டோட பேசுற விண்டோல, நம்பர் டைப் பண்ணா அது அப்படியே ரைட்மைக்ரோசெகண்ட்ஸ்க்கு போற மாதிரி ஒரு சின்ன புரோகிராம், டைப் பண்ணதை நம்பரா மாத்துற பார்ஸ்இன்ட் (parseInt) வச்சு எழுதினா மொத்தமே பத்து வரி வராது. அந்த விண்டோலயே லைன் எண்டிங்கை நோ லைன் எண்டிங்னு வச்சிக்கோங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு 0 போயி சக்கரம் ஃபுல் ஸ்பீடுல சுத்தும், நான் பட்டிருக்கேன். 1440ல ஆரம்பிங்க, சுத்தும். அஞ்சு அஞ்சா ஏத்துங்க. ஒரு இடத்துல நிக்கும், அதைக் குறிச்சுக்கோங்க. இன்னும் ஏத்துங்க, ஒரு இடத்துல எதிர்ப்பக்கமா சுத்த ஆரம்பிக்கும், அதையும் குறிச்சுக்கோங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குறதுதான் உங்க சர்வோவோட உண்மையான நிக்கிற இடம்.

எங்க பையன் வண்டில இடது சர்வோ 1465லேர்ந்து 1483 வரைக்கும் நின்னுச்சு, வலது 1494லேர்ந்து 1510 வரைக்கும். பாத்தீங்களா, அதான் 1472 போனப்ப இடது நின்னுச்சு, வலது ஊந்துச்சு. அவன் மூஞ்ச பாக்கணுமே. ரெண்டுமே ஒரே கடைல ஒரே நேரத்துல வாங்கினதுதான், அதுக்காக ஒண்ணா இருக்கணும்னு சட்டம் இல்ல. நிறைய மாடல்ல ஒரு குட்டி ஓட்டைக்குள்ள நடுவை சரி பண்ற ட்ரிம் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும், 1500 அனுப்பிக்கிட்டே சின்ன ஸ்க்ரூடிரைவரால மெதுவா திருப்பி நிறுத்தலாம். நான் அதை அதிகம் தொடுறதில்ல, அது ஆட்டத்துல லேசா நகரும், சர்வோ சூடாச்சுன்னாலும் நிக்கிற இடம் கொஞ்சம் மாறும், அதனால கோடுல இடது நடு, வலது நடுன்னு தனித்தனியா ரெண்டு நம்பர் வச்சிக்கிறதுதான் நிம்மதி.

அடுத்தது ஸ்பீடு டேபிள். இதை யாரும் செய்யறதில்ல, ஆனா மொத்த வித்தையும் இங்கதான் இருக்கு. சக்கரத்துல ஒரு கலர் டேப் துண்டு ஒட்டுங்க. நடுவுலேர்ந்து 10, 20, 30னு தள்ளித் தள்ளி 100 வரைக்கும், அப்புறம் 150, 200. ஒவ்வொண்ணுக்கும் 10 செகண்ட்ல எத்தன சுத்துன்னு எண்ணி 6ஆல பெருக்கினா ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தன சுத்து. மெதுவா ஓடும்போது 30 செகண்ட் எண்ணுங்க, வேகமா ஓடும்போது கண்ணு தோத்துடும், போன்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து எண்ணுங்க. ரெண்டு பக்கத்துக்கும் தனியா எடுக்கணும், ஏன்னா முன்னாடி போற ஸ்பீடும் பின்னாடி போற ஸ்பீடும் ஒண்ணா இருக்காது. வண்டில ரெண்டு சர்வோ எதிரும் புதிருமா மாட்டிருக்கும், அதனால முன்னாடி போகணும்னா ஒண்ணு நடுவுக்கு மேல, இன்னொண்ணு கீழ, இதையும் மறந்துடாதீங்க, மறந்தா வண்டி நின்ன இடத்துலயே பம்பரம் விடும்.

இந்த டேபிளை ரெண்டு அர்ரேயா, அதாவது நம்பர் வரிசையா, கோடுல போட்டு வைங்க, ஒண்ணுல ஆர்பிஎம், ஒண்ணுல அதுக்கான மைக்ரோசெகண்ட் தள்ளல். வேணும்ங்கிற ஆர்பிஎம் எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல வருதுன்னு பாத்து விகிதம் போடணும், அவ்ளோதான். உதாரணத்துக்கு டேபிள்ல 25 மைக்ரோசெகண்டுக்கு 30 ஆர்பிஎம், 50க்கு 58 ஆர்பிஎம்னு இருக்குன்னு வைங்க, எனக்கு 40 வேணும், 30லேர்ந்து 10 மேல, மொத்த இடைவெளி 28, அப்ப 25ல 28க்கு 10 பங்கு கிட்டத்தட்ட 9, ஆக 25 கூட்டல் 9, 34. நடு நம்பரோட இந்த 34ஐ கூட்டி இல்ல கழிச்சு அனுப்பினா முடிஞ்சது. ஜாய்ஸ்டிக் வச்சு ஓட்டுறீங்கன்னாலும் இதே வழிதான், ஜாய்ஸ்டிக் நம்பரை ஆர்பிஎம்மா மாத்தி அந்த ஆர்பிஎம்மை டேபிள்ல தேடணும், சமமா பிரிக்கிற மேப் (map) ஃபங்க்ஷன்ல நேரா 1000, 2000னு போட்டா குச்சிய தொட்டதுமே பாயும்.

ஆர்பிஎம்மை தரைல போற வேகமா மாத்த, 60 மில்லிமீட்டர் சக்கரம்னா சுத்தளவு 188 மில்லிமீட்டர், 100 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 31 சென்டிமீட்டர் சொச்சம். வீட்டு ஹாலுக்கு அதுவே ஜாஸ்தி.

ரொம்ப மெதுவான ஸ்பீடுல ஒரு தொல்லை உண்டு. உள்ள இருக்குற உராய்வை ஜெயிக்கிற வரைக்கும் நகராது, ஜெயிச்சதும் டக்குனு கிளம்பும். அதுக்கு நான் பண்றது, ஒரு தள்ளு குடுக்குறது, வேணும்ங்கிறத விட 30 மைக்ரோசெகண்ட் சேத்து ரெண்டு பல்ஸ், அதாவது 40 மில்லிசெகண்ட் மட்டும் அனுப்பிட்டு அப்புறம் உண்மையான நம்பருக்கு எறங்குறது. நின்னு போன பைக்கை தள்ளி ஸ்டார்ட் பண்ற மாதிரிதான். அதையும் மீறி மெதுவா வேணும்னா இந்த சர்வோக்கு அது முடியாத காரியம், பல்சக்கரம் வச்சு குறைக்கணும்.

ஸ்பீடை ஒரேயடியா மாத்தாதீங்க. ஃபுல் முன்னாடிலேர்ந்து ஃபுல் பின்னாடிக்கு ஒரே வரில தாவினா பல்சக்கரத்துக்கு அடி, பேட்டரிக்கும் அடி. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ 5, 10 மைக்ரோசெகண்டா இலக்கை நோக்கி நகத்துங்க. 20ஐ விட வேகமா மாத்தி பிரயோஜனம் இல்ல, சர்வோவுக்கு அடுத்த பல்ஸ் வந்தாத்தானே தெரியும். போர்டை சும்மா காக்க வைக்கிற டிலே (delay) போட்டு பண்ணாம, நேரம் பாத்து சொல்ற மில்லிஸ் (millis) வச்சு பண்ணுங்க, அப்பதான் நடுவுல சென்சாரையும் பாக்க முடியும். கண்டிப்பா நின்னே ஆகணும்னா டிட்டாச் (detach) கமாண்ட் குடுத்து பல்ஸையே நிறுத்திடுங்க, பல்ஸே வரலன்னா சாதா அனலாக் சர்வோ சும்மா இருந்துடும், ஊராது. டிஜிட்டல் சர்வோ சிலது கடைசி பல்ஸை ஞாபகம் வச்சு ஓடிக்கிட்டே இருக்கும், அதுல இந்த குறுக்கு வழி செல்லாது.

இப்ப பவர். சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனாலும் சொல்றேன். ஊனோவோட 5 வோல்ட் பின்லேர்ந்து ரெண்டு சர்வோவ ஓட்டாதீங்க, கிளம்பும்போது இழுக்குற கரண்ட்ல வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும், அப்புறம் "என் கோடு பாதில திரும்ப மொதல்லேர்ந்து ஓடுது"ன்னு கோடுக்குள்ள தப்பு தேடுவீங்க. எஃப்எஸ்90ஆர் 4.8லேர்ந்து 6 வோல்ட்ல ஓடும். நாலு ஏஏ அல்கலைன்னா 6 வோல்ட், நாலு ரீசார்ஜபிள்னா 4.8. இது ரெண்டுக்கும் நடுவுலயே ஸ்பீடு அஞ்சுல ஒரு பங்கு அளவுக்கு மாறும், அதனால டேபிள் எடுக்கும்போது எந்த பேட்டரி வச்சீங்களோ அதேதான் கடைசி வரைக்கும். 18650 லித்தியம் பேட்டரி ரெண்டை சீரியஸ்ல போட்டு நேரா குடுத்தீங்கன்னா ஃபுல் சார்ஜ்ல 8.4 வோல்ட், சர்வோக்கு ஊதுபத்தி கொளுத்த வேண்டியதுதான். நடுவுல வோல்டேஜைக் குறைக்கிற எல்எம்2596 போர்டு ஒண்ணு வைங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடைல கேட்டாலும் எடுத்துத் தருவாங்க, சர்வோவ மாட்டுறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டர் வச்சு 5 வோல்ட்னு திருப்பி செட் பண்ணிடுங்க. இதுல இன்னொரு லாபம், பேட்டரி எறங்கினாலும் சர்வோக்கு போறது 5ஆவே இருக்கும், டேபிள் பொய் ஆகாது. சர்வோ பக்கத்துல 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு, பிளஸ் மைனஸ் பாத்து. சர்வோ பேட்டரியோட கிரவுண்டும் ஊனோ கிரவுண்டும் சேர்ந்திருக்கணும், அது இல்லன்னா சர்வோ சாமி வந்த மாதிரி ஆடும்.

இது வரைக்கும் பண்ணதுக்கே எக்ஸிபிஷன் வண்டி ஓடிடும். ஆனா கார்ப்பெட் மேல ஏறினா ஸ்பீடு குறையும், சரிவுல ஏறும்போதும் குறையும், சர்வோக்கு அது தெரியாது, அதான் சொன்னேனே கண்ணு கட்டியிருக்கு. உண்மையாவே ஸ்பீடு மாறாம இருக்கணும்னா கண்ணைத் தொறந்து விடணும், அதாவது சக்கரத்துல என்கோடர், சுத்துறதை அளந்து சொல்ற சென்சார். 20 ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டும் அதுக்கு நடுவுல வெளிச்சம் போய் வர்ற எல்எம்393 சென்சார் போர்டும் சேத்து சல்லிசா கிடைக்கும், அவுட்புட்டை ஊனோல 2, 3 பின்ல இன்டரப்ட்டா குடுக்கலாம், பல்ஸ் வந்ததுமே போர்டு செய்யிற வேலைய விட்டுட்டு அதைக் கவனிக்கும்.

இங்க எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு. 60 ஆர்பிஎம்னா செகண்டுக்கு ஒரு சுத்து, 20 பல்ஸ், அதாவது 50 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு. 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ எண்ணிப் பாத்து ஸ்பீடு கண்டுபிடிக்கலாம்னு போனா 2 வரும், இல்ல 1, இல்ல 3. அதை வச்சு கண்ட்ரோல் பண்ணா வண்டி விக்கல் எடுக்கும். எண்ணாதீங்க, நேரத்தை அளங்க. போன பல்ஸ்க்கும் இந்த பல்ஸ்க்கும் நடுவுல எத்தன மைக்ரோசெகண்ட்னு மைக்ரோஸ் (micros) கமாண்ட் வச்சு எடுத்துக்கோங்க, 30 லட்சத்தை அந்த நம்பரால வகுத்தா ஆர்பிஎம், 50,000 வந்தா 60. கடைசி நாலு இடைவெளிய சராசரி பண்ணா இன்னும் அமைதியா இருக்கும். அந்த சென்சார் போர்டு சில நேரம் ஒரு ஓட்டைக்கு ரெண்டு மூணு பல்ஸ் துப்பும், 5 மில்லிசெகண்டுக்குள்ள வர்ற ரெண்டாவது பல்ஸை தூக்கிப் போட்டுடுங்க, 130 ஆர்பிஎம்லயே உண்மையான இடைவெளி 23 மில்லிசெகண்ட் இருக்கும், அதனால தப்பா ஒண்ணும் போகாது. 200 மில்லிசெகண்ட் வரைக்கும் பல்ஸே வரலன்னா ஸ்பீடு பூஜ்யம்னு எடுத்துக்கணும், இத எழுத மறந்தா நின்ன சக்கரத்தைப் பாத்து "நல்லா ஓடுது"ன்னு புரோகிராம் நெனச்சிக்கிட்டே இருக்கும். ஒரே சென்சார்ங்கிறதால எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியாது, நாம சொன்ன பக்கம்தான்னு நம்பிக்கணும்.

இதுக்கு மேல கண்ட்ரோல் சுலபம். டேபிள்லேர்ந்து வர்ற நம்பர்தான் அடிப்படை, அதை தூக்கிப் போட்டுடாதீங்க. அதுக்கு மேல, வேணும்ங்கிற ஆர்பிஎம்லேர்ந்து இப்ப இருக்குற ஆர்பிஎம்மை கழிச்சா வர்ற பிழைய 0.3ஆல பெருக்கி கூட்டுங்க, அதோட பிழைய சேத்துச் சேத்து வச்ச தொகைலேர்ந்து கொஞ்சூண்டு கூட்டுங்க. பிழைக்கான பெருக்கல அதிகமாக்கினா சக்கரம் விட்டு விட்டு சுத்தும், அந்த சத்தம் வந்ததும் பாதியா குறைச்சிடுங்க. சேத்து வச்ச தொகைக்கு ஒரு வரம்பு கண்டிப்பா வேணும், நான் பிளஸ் மைனஸ் 40 மைக்ரோசெகண்டுக்கு மேல அது ஆட்டாத மாதிரி வைப்பேன், இல்லன்னா சக்கரத்தை ஒரு நிமிஷம் கையால புடிச்சு வச்சிருந்து விட்டா பழிவாங்குற மாதிரி பாயும். மொத்தமா போற தள்ளலையும் 150லயே நிறுத்துங்க, அதுக்கு மேல ஸ்பீடு இல்ல, வெறும் நம்பர்தான்.

என்கோடர் ஒட்டுறது எரிச்சலா இருந்தா பாரலாக்ஸ்ல ஃபீட்பேக் 360ன்னு ஒரு சர்வோ இருக்கு, நாலாவது ஒயர்ல தண்டு எந்த கோணத்துல இருக்குன்னு அதுவே சொல்லும். நம்ம ஊர்ல கிடைக்கிறதும் கஷ்டம், விலையும் கடி. அந்தக் காசுக்கு என்கோடர் வச்ச என்20ங்கிற குட்டி கியர் மோட்டார் ரெண்டு வாங்கி, அதை ஓட்டுற மோட்டார் டிரைவர் போர்டு ஒண்ணும் வாங்கிடலாம், ஸ்பீடுதான் உங்க உயிர்னா அந்தப் பக்கம் போறதே மேல். 360 சர்வோவோட அழகே டிரைவர் உள்ளயே இருக்கு, ஒரே ஒரு சிக்னல் ஒயர் போதும்ங்கிறதுதான்.

நாலஞ்சு சர்வோ வேணும்னு, நிறைய சர்வோக்கு பல்ஸ் அனுப்புற பிசிஏ9685 போர்டு போடுறவங்க ஒரு கணக்கு தெரிஞ்சிக்கணும். 20,000 மைக்ரோசெகண்டை 4096ஆ பிரிக்குது, ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மைக்ரோசெகண்ட், அப்ப ரொம்ப நுணுக்கமா போக முடியாது. அதுக்குள்ள இருக்குற கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ்னு பேரு, போர்டுக்கு போர்டு கொஞ்சம் மாறும், அதனால ஊனோல கண்டுபிடிச்ச நடு நம்பர் இங்க செல்லாது, திரும்ப டப்பா மேல தூக்கி வச்சு ஆரம்பிங்க. ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல சாதா சாஃப்ட்வேர் பிடபிள்யூஎம் (புரோகிராமே நேரம் பாத்து பல்ஸ் போடுறது) போட்டா பல்ஸ் நடுங்கும், சக்கரம் நிக்கிற இடத்துலயே துடிக்கும், பை 4 வரைக்கும் பிக்பியோ (pigpio) லைப்ரரி போட்டா சரியாயிடும், இல்லன்னா சர்வோ வேலைய ஒரு ஊனோகிட்ட தள்ளி விட்டுட்டு பை பெரிய வேலைய பாக்கட்டும்.

எங்க வண்டிக்கு கடைசி டெஸ்ட் ஹால் டைல்ஸ் கோடு. ஒரு கோட்டு மேல வண்டிய வச்சு ரெண்டு சக்கரத்துக்கும் 40 ஆர்பிஎம் குடுத்து விட்டோம். டேபிள் மட்டும் வச்சு ஓட்டினப்ப ஆறாவது டைல்ஸ்ல ஒரு கை அளவு இடது பக்கம் ஒதுங்குச்சு. என்கோடர் போட்டதும் ரெண்டு விரல் அளவா குறைஞ்சுது, ஆனா முழுசா போகல. பையன் கோடையே நோண்டிக்கிட்டு இருந்தான், நான் சக்கரத்தை கழட்டி பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன், ஒண்ணுல ரப்பர் வளையம் சரியா உக்காராம ஒரு ஓரத்துல மடிஞ்சு கிடந்துச்சு.